சுருக்கிச் சொல்ல மறுத்த துபாசி

புதுச்சேரி நீதிமன்றத்தில் தனிஸ்லாஸ் பதினேழு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஊர் ஜனங்கள் அந்த உத்தியோகத்தைப் பழைய வழக்கப்படி துபாசி வேலை என்றே சொல்வார்கள். அந்தப் பதினேழு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. நீதிபதி முன்னால் குரலை உயர்த்தியதும் இல்லை. 1934 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இரண்டாவது வழக்கம் உடைந்தது.

அவர் உழவர்கரையில் பிறந்தவர். அப்பா தச்சர், கோயிலுக்குப் பெஞ்சும், செத்தவர்களுக்குப் பெட்டியும் செய்தவர். பங்குச் சாமியார் ஒரு கடிதம் கொடுத்ததில் மகனுக்கு டவுன் கல்லூரியில் சம்பளமில்லாமல் இடம் கிடைத்தது. அங்கே மேல்வகுப்பு ஒன்றுக்கு ரெத்தோரிக் என்று பெயர். பேச்சுக்கலை வகுப்பு. சர்க்கார் அந்தப் பெயரை மாற்றிச் சில வருஷமாகியும் பாதிரிமார் பழைய பெயரை விடவில்லை. பழைய ரோமாபுரியில் மன்றத்தில் நின்று வழக்காடியவர்கள் எப்படித் தொடங்கினார்கள், எங்கே கோபப்பட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் லத்தீனில் படித்து, அதே மாதிரி எழுதிப் பழக வேண்டும். எழுத்தில் தனிஸ்லாஸ்தான் முதல். ஆனால் வருஷக் கடைசி விழாவில் மேடையேறிப் பேச அவரை விடவில்லை.

"உன் கை நல்ல கை. வாய்தான் தமிழ் வாய்" என்றார் ஆசிரியர்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் தெருவில் இருந்த ஒரு கப்பல் ஏஜண்டின் மகன் மேடையில் பேசினான். பேசியது தனிஸ்லாஸ் எழுதிய பேச்சு. தன் வாக்கியங்களுக்கு விழுந்த கைதட்டலைக் கீழ்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

உத்தியோகத்துக்கு வந்த பிறகும் அந்தப் படிப்பு அவரை விடவில்லை. சாயங்காலம் நீதிமன்றம் விட்டதும் நேராகப் பொது நூலகத்துக்குப் போவார். அங்கே பூச்சி அரித்த கையெழுத்து நோட்டு ஒன்று இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் குருமடத்தில் படித்த யாரோ ஒரு தமிழ்ப் பையன் எழுதி வைத்த லத்தீன் பாடக் குறிப்பு. பேசுகிறவன் ஐந்து வேலை செய்ய வேண்டும் என்றது அந்த நோட்டு: சொல்ல வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிப்பது, அதை வரிசைப்படுத்துவது, சொல்லைத் தேர்ந்தெடுப்பது, மனத்தில் நிறுத்துவது, கடைசியாகக் குரலிலும் உடம்பிலும் கொண்டுவருவது. ஓரங்களில் அந்தப் பையன் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்துப் பார்த்திருந்தான். சிலதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தான்.

தனிஸ்லாஸின் சிநேகிதர் இராமதாஸ், ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழாசிரியர். நோட்டில் இருப்பதைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"இத கப்பல்ல எறக்கணுமா தனிஸ்லாஸ்? நம்ம ஊர்ல கொடி நட்டு வெச்சு, வாடா வாதத்துக்குன்னு கூப்ட்டவங்க இருந்தாங்க. அவையில எப்படி நிக்கணும், எதிராளி கேள்விய எப்படி வாங்கணும், எல்லாத்துக்கும் எலக்கணம் எழுதி வெச்சிருக்காங்க."

"அப்படின்னா எழுதித் தாங்க. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாக்கறேன்."

இப்படித்தான் அவருடைய புத்தகம் தொடங்கியது. முந்தைய நூற்றாண்டுகளில் பேச்சை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது விஷயம். இடப்பக்கம் லத்தீன் பள்ளி, வலப்பக்கம் தமிழ்ப் பள்ளி. ஒன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்.

பகலில் அவர் செய்த வேலை இதற்கு நேர் எதிர். நீதிமன்றத்தில் எல்லாம் பிரெஞ்சு. கூண்டில் நிற்கிறவர் தமிழில் கால்மணி நேரம் பேசுவார், அழுவார், சாட்சி சொல்வார். நீதிபதி கையை லேசாக உயர்த்துவார். துபாசி ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "மறுக்கிறார்." அல்லது, "ஒத்துக்கொள்கிறார்." எழுத்தர் அதை எழுதிக்கொள்வார். எல்லாத் துபாசிகளும் அப்படித்தான் செய்தார்கள். தனிஸ்லாஸும் அப்படித்தான் செய்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு வழக்குகள் இருந்தன. ஏழாவது வழக்கு வைத்திக்குப்பத்து அன்னக்கிளி. நாற்பத்தைந்து வயது, மீன் விற்கிறவள். கடற்கரைச் சாலையை வடக்கே நீட்டுவதற்காக அளவு எடுத்து அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாள், தட்டிக்கேட்ட அதிகாரியைத் திட்டினாள் என்று குற்றப்பத்திரிகை சொன்னது. நீதிபதி பிரான்சிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பசி வேளை.

"ஒத்துக்கொள்கிறாளா என்று கேளுங்கள்" என்றார்.

தனிஸ்லாஸ் கேட்டார். அன்னக்கிளி கூண்டின் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நீதிபதியைப் பார்த்தே பேசினாள்.

"புடுங்கினேன். நான்தான் புடுங்கினேன். போலீசு நாலு முளைன்னு எழுதியிருக்காங்களாம். அது தப்பு, அஞ்சு. ஏன் புடுங்கினேன்னு நீங்க கேக்கல. கேக்கலன்னாலும் சொல்றேன். எங்க குப்பத்துல கட்டுமரம் கரையேற ஒரே வழிதான் இருக்கு. ரெண்டு பக்கமும் அலை சுருட்டும், நடுவுல மட்டும் விடும். அந்த எடத்தக் கண்டுபுடிக்க எங்க பாட்டன் பூட்டனுங்க எத்தினி பேரு செத்தாங்களோ, எனக்குத் தெரியாது. அந்த வழியிலதான் கொண்டாந்து முளைய அடிச்சாங்க. ஞாயித்துக்கெழம விடியக்காலையில என் கொழுந்தன் மண்ணாங்கட்டி கரையேறும்போது அலை தூக்கி முளை மேல போட்டுச்சு. காலு ரெண்டு துண்டு. ஆஸ்பத்திரியில கெடக்குறான், போயிப் பாருங்க. அதுக்கப்புறந்தான் புடுங்கினேன். அதுக்கு முந்தி தொடல.

"ஆபீசரத் திட்டினேன்னு சொல்றாங்க. ஆமா, கண்ணவிஞ்சவனேன்னு சொன்னேன். கடலு எதிர்லயே கெடக்குது. அத பாக்காம கையில இருக்கற காயிதத்தப் பாத்து முளை அடிக்கிறவன வேற என்னன்னு கூப்புடறது? வேற நல்ல பேரு இருந்தா நீங்க சொல்லுங்க, அந்தப் பேரு சொல்லியே கூப்புடறேன்.

"ரோடு போடுங்க. மோட்டார்ல காத்து வாங்கிக்கிட்டுப் போங்க, நான் வேணாங்கல. மரத்த எங்க ஏத்தறதுன்னு மொதல்ல சொல்லிட்டுப் போடுங்க. அத சொல்லாம முளை அடிச்சா, ஜெயில்லேந்து வந்து மறுபடியும் புடுங்குவேன்."

நீதிபதி கையை உயர்த்தினார். "சுருக்கமாக. ஒத்துக்கொள்கிறாள், அப்படித்தானே?"

தனிஸ்லாஸுக்கு மேலெல்லாம் சிலிர்த்திருந்தது. ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒத்துக்கொண்டு நம்பிக்கையை வாங்குவது, பிறகு நடந்ததைச் சொல்வது, சாட்சியைக் காட்டுவது, எதிராளியின் குற்றச்சாட்டை எடுத்து அவன் பக்கமே திருப்புவது, கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையில் நிறுத்துவது. ஒன்பது வருஷமாகத் தான் எழுதிக்கொண்டிருந்தது கூண்டில் நின்று பேசுகிறது. அதை "ஒத்துக்கொள்கிறாள்" என்று ஒற்றைச் சொல்லாக்கித் தரச் சொல்கிறார்கள்.

"சுருக்க முடியாது, ஐயா" என்றார் பிரெஞ்சில். "சொன்னதை முழுதாகச் சொல்லக் கை உயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறேன்."

நீதிபதி பதில் சொல்வதற்குள் தனிஸ்லாஸ் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். முளைக் கணக்கைத் திருத்தியது, அலை விடுகிற வழி, உடைந்த கால், எல்லாம் வரிசையாக வந்தன. "வேறு நல்ல பெயர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்" என்ற இடத்தில் பின்பெஞ்சில் பிரெஞ்சு தெரிந்த யாரோ உரக்கச் சிரித்துவிட்டார்கள்.

நீதிபதி மேஜையைத் தட்டினார். "மொழிபெயர்க்கிறீரா, நாடகம் போடுகிறீரா? உட்காரும்!"

தனிஸ்லாஸ் உட்காரவில்லை. இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அந்த வரியில்தான் அவருக்கு முதல்முறையாகத் தயக்கம் வந்தது. மறுபடியும் பிடுங்குவேன் என்று சொன்னால் தண்டனை கூடும். விட்டுவிட்டால் அவளுக்கு நல்லது. அவள் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்.

"அம்மா, கடைசியா சொன்னீங்களே, அதையும் அப்படியே சொல்லட்டுமா? உங்களுக்குக் கெடுதலா முடியும்."

"சொல்லுங்க ஐயா" என்றாள் அன்னக்கிளி. "பாதிய முழுங்கிட்டா அது என் பேச்சு இல்ல, உங்க பேச்சு."

குரலை உயர்த்திச் சொன்னார். சொல்லிவிட்டு, எழுத்தர் யூஜினைப் பார்த்து, மொழிபெயர்ப்பு எந்த வார்த்தையில் இடைமறிக்கப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதும்படி கேட்டார். யூஜின் தலை நிமிராமல் எழுதினார். நீதிபதி அவையைக் கலைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்ததும் அன்னக்கிளிக்குப் பதினைந்து நாள் சிறை என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுவாரம் தனிஸ்லாஸுக்கு மேலிடத்துக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். கூடவே ஒரு தட்டச்சுத் தாள். 'இலக்கியப் பயிற்சியால் வந்த மிகை ஆர்வத்தில், குற்றவாளி சொல்லாத அலங்காரங்களை என் சொந்தமாகச் சேர்த்துவிட்டேன்' என்று அதில் இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டால் விஷயம் அதோடு முடியும்.

சம்பாக்கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் வீட்டில் அவர் மனைவி அந்தோணிமேரி அந்தத் தாளை அவரைப் படித்துச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, "போட்டுக் குடுத்துடுங்க" என்றாள்.

"நான் எதையும் சேக்கல, மேரி."

"சேக்கலன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா? ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"இத்தினி அழகா ஒரு மீன்காரி பேசியிருக்க முடியாதுன்னு சொல்றாங்க. அதுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம்."

அந்தோணிமேரி தாளை மடித்து மேஜைமேல் வைத்தாள். "அவ பேசுனது அவளுக்குப் பதினஞ்சு நாளு. நீங்க பேசுனது எனக்கு ஆயுசுக்கும்" என்றாள். அந்த வருத்தம் அவளுக்குக் கடைசிவரை முழுதாக ஆறவில்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

தனிஸ்லாஸ் கையெழுத்துப் போடவில்லை. தாளின் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதி அனுப்பினார்: 'ஒரு சொல்லும் என்னுடையது அல்ல. அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள்.'

செப்டம்பரில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பிரெஞ்சு அதிகாரிகள், ஓய்வுபெற்ற தமிழ் வக்கீல் ஒருவர். மொழிபெயர்க்கக் காரைக்காலிலிருந்து பிரான்சுவா என்ற துபாசியை வரவழைத்திருந்தார்கள். சாதுவான மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அதனாலேயே யாரையும் எதிர்க்காதவர்.

வக்கீல் முதலில் தனிஸ்லாஸைக் கேட்டார். "நம் தமிழ் இலக்கணக்காரர்களே சுருங்கச் சொல்வதை அழகு என்று எண்ணினார்களே. சுருக்கச் சொன்னதில் உமக்கு என்ன கஷ்டம்?"

"பேசுகிறவர் தன் பேச்சைச் சுருக்கினால் அது அழகு. இன்னொருவர் அதைச் சுருக்கினால் களவு."

"நீர் பேச்சுக்கலை படித்தவர். அவள் எழுத்தே தெரியாதவள். அந்தப் பேச்சு யாருடையது என்று நாங்கள் நினைக்க வேண்டும்?"

"நான் படித்ததெல்லாம் நன்றாகப் பேசினவர்களைக் கவனித்து எழுதிவைத்ததுதான். முதலில் பேசினார்கள், பிறகுதான் பள்ளி வந்தது. அவள் அந்த முதல் வரிசையில் நிற்கிறாள். நான் பள்ளியில் நிற்கிறேன்."

அன்னக்கிளியைக் கூப்பிட்டார்கள். சிறையிலிருந்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அன்று நீதிமன்றத்தில் பேசியதைத் திரும்பச் சொல்லும்படி பிரான்சுவா கேட்டார்.

"புடிச்ச மீன மறுபடியும் புடிக்கச் சொன்னா எப்படி?" என்றாள் அவள். "வலைய போட்டா வேற மீனுதான் வரும். கேளுங்க, புதுசாவே பேசறேன். முளைய புடுங்குனவ நீதான்னு சொல்லி என்னப் புடிச்சு ஜெயில்ல போட்டீங்க. சரி, போனேன். இப்ப பேசுனவ நீ இல்ல, இந்த ஐயாதான்னு சொல்றீங்களாம். அதெப்படி? கை என்னுது, வாயி மட்டும் அடுத்தவங்களுதா? தப்புன்னா நான், நல்லா இருந்தா வேற ஆளா? அப்ப அந்தப் பதினஞ்சு நாள்ல பாதிய இவுரு இருந்துட்டு வரட்டும்!"

பிரான்சுவா தொண்டையைக் கனைத்தார். "தன் வாக்குமூலத்தை உறுதிசெய்கிறாள்" என்றார் பிரெஞ்சில்.

அன்னக்கிளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இவ்ளோ நேரம் பேசினேன். நீங்க கொட்டாவி விடற நேரத்துல முடிச்சிட்டீங்க. மீதி எங்க?"

வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். மூத்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "முழுதாகச் சொல்லுங்கள்" என்றார். பிரான்சுவாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் மனிதர் நன்றாகவே சொன்னார். கையும் வாயும் வருகிற இடத்தில் அவர் குரல்கூடக் கொஞ்சம் எழும்பியது. தனிஸ்லாஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஒன்றும் விடுபடவில்லை.

முடிவு பத்து நாளில் வந்தது. சொந்தமாகச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி. நீதிபதியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது நிரூபணம். அதற்குத் தண்டனையாக ஏனாமுக்கு மாற்றல். ஏனாமில் தெலுங்குதான் பேச்சு. தமிழ்த் துபாசிக்கு அங்கே வேலையே கிடையாது. அவரை வாய் திறக்க முடியாத இடத்தில் உட்காரவைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. தனிஸ்லாஸ் வேலையை விட்டார்.

முளைகள் திரும்ப அடிக்கப்படவில்லை. சாலை குப்பத்துக்குத் தெற்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அன்னக்கிளி பேச்சால்தான் என்று குப்பத்தார் சொன்னார்கள். பணமில்லாமல் நின்றது என்றார்கள் அலுவலகத்தில். மண்ணாங்கட்டி நொண்டிக்கொண்டே மறுபடி கடலுக்குப் போனார்.

தனிஸ்லாஸ் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், ஒரு தையல்கடையின் முன்பாதியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். மனு எழுதிக் கொடுப்பார். வழக்கு உள்ளவர்களுக்கு அவர் முதலில் சொன்னது ஒன்றுதான்: "உள்ள போயி நீங்க பேசி முடிச்சதும் துபாசி எவ்ளோ நேரம் பேசறாருன்னு பாருங்க. கம்மியா இருந்தா, மீதி எங்கன்னு கேளுங்க." ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மன்றத்தில் வழக்குகள் மெதுவாக நகர்ந்தன. எரிச்சல்பட்டவர்கள் நிறையப்பேர். அவரை அங்கிருந்து கிளப்பப் பார்த்தார்கள். தையல்கடைக்காரர் நாராயணசாமி, "இது என் எடம், நான் யாரை வேணா ஒக்கார வெச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

புத்தகத்தை 1937இல் முடித்தார். ஊரில் அறிஞர்கள் கூடுகிற சபை ஒன்று அதை அச்சிட முன்வந்தது. ஒரு நிபந்தனை: உதாரணப் பகுதியில் பழைய மேதைகளின் பேச்சுகளோடு மீன்காரியின் பேச்சும் இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும்.

"மத்தத வேணா எடுங்க. அது இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். இராமதாஸ் தெரிந்த சின்ன அச்சகத்தில் பேசி இருநூறு பிரதி போட வைத்தார்.

முதல் பிரதியை வைத்திக்குப்பத்துக்கு எடுத்துப் போய், அன்னக்கிளியின் பகுதியை அவளுக்கே படித்துக் காட்டினார் தனிஸ்லாஸ். வலை உலர்த்தியிருந்த இடத்தில் உட்கார்ந்து, நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரிதான். நடுவுல ஒரு எடத்துல நான் பேச்ச நிறுத்திட்டு அந்த ஜட்ஜிய மொறச்சுப் பாத்தேனே, அத காணோம்."

"அது பேச்சு இல்லியேம்மா. அத எப்படி அச்சடிக்கறது?"

"அதுவும் பேச்சுதான். வாயத் தொறக்காம பேசினது."

எங்கே பார்த்தாள் என்று கேட்டார். அதுக்கப்புறந்தான் புடுங்கினேன், அதுக்கு முந்தி தொடல என்று சொன்ன பிறகு என்றாள். அவருக்கும் ஞாபகம் வந்தது. அவள் சொன்னது உண்மை. வீட்டுக்கு வந்து இருநூறு பிரதிகளிலும் அந்த இடத்தின் ஓரத்தில் 'இங்கே நிறுத்திப் பார்த்தாள்' என்று கைப்பட எழுதினார். இரண்டு நாள் ஆயிற்று. அந்தோணிமேரி எழுதிய பிரதிகளை வாங்கி, மை உலரும்வரை பக்கங்கள் ஒட்டாமல் வரிசையாகப் பரப்பி வைத்தாள்.

1939 கடைசியில், ஐரோப்பாவில் யுத்தம் வந்த சமயம், நீதிமன்றத்தில் ஆள் பற்றாக்குறை. பழைய வேலைக்குத் திரும்பி வரலாம் என்று அவருக்குக் கடிதம் வந்தது. வருவதாகவும், கூண்டில் நிற்பவரின் பேச்சைச் சுருக்கும்படி தனக்கு உத்தரவு போடுவதில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் பதில் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. கடிதம் அனுப்பிய மறுநாளும் அதற்கு மறுநாளும், வழக்கம்போல எட்டரை மணிக்கு, தையல்கடையில் மேஜையைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.